கான்லாங்: தமிழில் ஆக்கமொழி

‘கன்ஸ்ட்ரக்டட் லாங்குவேஜ்’ என்பதில் இரண்டு சொல்லின் தலையையும் நறுக்கி ஒட்டினால் கான்லாங். ஜனங்கள் பேசிப் பேசித் தானாக வளர்ந்ததல்ல. ஒருவரோ சிலரோ உட்கார்ந்து ஒலி, சொல், இலக்கணம் எல்லாம் வகுத்து உண்டாக்கிய மொழி. 1887இல் சாமன்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோதான் இதில் பேர்போனது.

செயற்கை மொழி என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அந்தச் சொல்லில் பிளாஸ்டிக் பூ வாசம் அடிக்கிறது. புனைமொழி, கதைக்கும் சினிமாவுக்கும் உண்டாக்கியவற்றுக்குச் சரி. நிஜமாகவே ஆட்கள் பேசுகிற எஸ்பெராண்டோவைப் புனைவு என்பது எப்படி? பொதுப்பெயராக ஆக்கமொழி என்பதே என் தேர்வு. “சோறாக்கியாச்சா?” என்று கேட்கிற தருமபுரியில் அதற்கு உரை தேவையில்லை.

ஆக்கமொழிக்குச் சொல் இரண்டு வழியில் வரும். ஒன்று, எதையும் சாராமல் ஓர் ஒலிக்கு ஒரு பொருளை வைப்பது. மற்றது, இருக்கிற மொழியிலிருந்து வேரை எடுத்துக்கொள்வது. நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிப்பது கிட்டத்தட்ட இங்கே உதவும். ஆனால் இந்தக் கோடு நிலையானதல்ல. ஓசூர் என்பது கன்னடத்தில் ஹொச ஊரு, அதாவது புது ஊர். கன்னடம் அறிந்தவருக்கு அது காரணப்பெயர். அறியாமல் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறுகிறவருக்கு வெறும் இடுகுறி. ஜெர்மன் பாதிரியார் ஷ்லேயர் 1880 வாக்கில் உருவாக்கிய ஆக்கமொழியான வோலாப்யூக்கும் அப்படித்தான். ஆங்கில ‘வேர்ல்ட்’ வோல் ஆயிற்று, ‘ஸ்பீக்’ ப்யூக் ஆயிற்று. ஆங்கிலேயருக்கே பிடிபடாது.

ஒலியைக் கட்டுவது சுலபம். பொருளுக்கு எல்லை போடுவதில்தான் வேலையே இருக்கிறது. மாமரத்தில் காய்ப்பதற்கு ‘துவி’ என்று ஒரு சொல் வைத்தேன் என்று வையுங்கள். கிருஷ்ணகிரித் தோப்புக்காரர் உடனே கேட்பார்: காயா, செங்காயா, பழமா? மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் ஆங்கிலத்தின் ‘மேங்கோ’வுக்கு வேறு சட்டை மாட்டியதோடு சரி. ‘துவி’ காய், ‘துவா’ பழம் என்று ஈற்றை மாற்றிக் காட்டலாம். அப்புறம் அடுத்த கேள்வி. தமிழில் இலை பழுக்கும், கட்டி பழுக்கும், உலையில் இரும்பும் பழுக்கும். அந்த ‘ஆ’ ஈறு கட்டிக்கும் இரும்புக்கும் செல்லுமா? செல்லும் என்றால் நமக்குத் தெரியாமலே தமிழை உள்ளே கொண்டுவந்துவிட்டோம். வேண்டாமென்றால் கட்டிக்கு இன்னொரு வினை தேட வேண்டும்.

சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா என்ற ஆக்கமொழியில் அடிச்சொற்களே சுமார் 120தான். அதில் ‘கிலி’ என்றால் பழம், காய்கறி, காளான் எல்லாம் அடக்கம். நம் காதில் அது பயமாக விழுவது வேறு விஷயம். சொல் குறையக் குறைய ஒவ்வொன்றும் சுமக்கும் பாரம் கூடுகிறது. எந்தப் பழம் என்பதை அடைமொழியும் இடமும்தான் சொல்ல வேண்டும்.

பொன்னைப் பொற்கொல்லர் ‘பறி’ என்றதும், ஆடையை யானைப்பாகர் ‘காரை’ என்றதும் குழூஉக்குறி, அதாவது ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட சொல். அது ஆக்கமொழி ஆகாது. பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘க’ சேர்த்துப் பேசும் க-பாஷையும் ஆக்கமொழி ஆகாது. சொல்லோ உச்சரிப்போ மாறுகிறதே தவிர, வேற்றுமையும் வினைமுற்றும் தமிழாகவே இருக்கின்றன.