தரவுக் குறியிடல்: ‘சிறுகுறிப்பு’ ஏன் பொருந்தாது?

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் கணினி வகுப்புகளின் சுவரொட்டிகளில் ‘தரவு சிறுகுறிப்பு’ என்றொரு தொடர் தென்படத் தொடங்கியிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே டொலரில் உழைக்கலாம் என்ற வாசகத்துக்குக் கீழே, மடிகணினியின் முன் சிரித்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் படத்தோடு அது அச்சிடப்பட்டிருக்கும். இடையில் வரவேண்டிய ‘ச்’ விடுபட்டதை மன்னித்துவிடலாம்; தொடரே பொருந்தாதது என்பதை மன்னிப்பது கடினம். ‘டேட்டா அனொட்டேஷன்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் தொழிலுக்கு யாரோ அகராதியைத் திறந்து, முதலில் கண்ணிற்பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்கள். இப்போது அதுவே பயிற்சி நெறிகளின் பெயராகவும் சான்றிதழ்களின் தலைப்பாகவும் பரவி வருகிறது.

தொழில் என்னவென்று முதலிற் பார்ப்போம். செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவதற்குத் திரட்டிய தரவின் ஒவ்வொரு துண்டிலும், அது இன்னது என்று மனிதர் ஒருவர் அடையாளம் இடுவதே இந்த வேலை. திரையில் ஒரு வீதியின் படம் வரும். அதிலுள்ள ஓட்டோ ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, தரப்பட்ட பட்டியலிலிருந்து ‘முச்சக்கர வண்டி’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். மரத்தின் பின்னால் பாதி மறைந்து நிற்கும் ஓட்டோவுக்குப் பெட்டியைத் தெரியும் பாதியோடு நிறுத்துவதா, மறைந்த பாதியையும் ஊகித்து அடைப்பதா என்பதை வேலை தருபவரின் வழிகாட்டல் முன்னரே விதித்திருக்கும். சில வேளைகளில் படத்துக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வரும். அதன் மொழி எது, அதில் வெளிப்படுவது கோபமா மகிழ்ச்சியா என்று தெரிவு செய்ய வேண்டும். ‘மறுகா வாறன்’ என்ற வாக்கியம் வந்தால், பிறகு வருகிறேன் என்பதே அதன் பொருள் என்று மட்டக்களப்பார் சட்டென்று அறிவர். வேறிடத்தவர் ‘மறுகா’ என்பதை எழுத்துப்பிழை என்று அடையாளமிட்டுவிடவும் கூடும். இயந்திரம் எழுதிய இரண்டு விடைகளை அருகருகே வைத்து எது மேல் என்று கேட்கும் வேலையும் இப்போது நிறைய வருகிறது.

சொற்பிறப்பை விரைந்து சொல்லிவிடலாம். ‘அனொட்டேஷன்’ இலத்தீனின் ‘அன்னொட்டாரே’ என்ற வினையிலிருந்து வந்தது. அதன் அடி ‘நொட்டா’, அதாவது குறி. ‘டேட்டா’ என்பதும் இலத்தீன் சொல்லே: ‘தரப்பட்டவை’ என்று பொருள். ‘தரு’ என்னும் அடியிலிருந்து பிறந்த நமது ‘தரவு’ அதற்கு எழுத்துக்கு எழுத்து ஈடு கொடுக்கிறது. கலிப்பாவின் முதலுறுப்புக்குப் பெயராக இருந்த சொல்லை இந்தப் பொருளுக்கு எடுத்தாண்டவர் எவராயினும் அவரை வணங்கலாம். ஆகவே தொடரின் முற்பாதியில் நமக்கு வழக்கில்லை; வழக்கெல்லாம் பிற்பாதியோடுதான்.

‘சிறுகுறிப்பு’ என்றதும் தமிழ் படித்த எவருக்கும் நினைவுக்கு வருவது பரீட்சை வினாத்தாள்தான். ‘பின்வருவனவற்றுள் இரண்டு பற்றிச் சிறுகுறிப்பு எழுதுக’ என்பதைக் காணாமல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியவர் இல்லை. ஒரு விடயத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சில வரிகளில், தன் சொந்த வாக்கியங்களில் எழுதுவதே சிறுகுறிப்பு. தரவுத் தொழிலில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. அங்கே சொந்த வாக்கியத்துக்கு இடமில்லை. தெரிவுகள் பிறரால் வரையறுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றைப் பொருத்துவதே கடமை. இமேஜ்நெட் என்னும் புகழ்பெற்ற படத்தொகுதி 2009 ஆம் ஆண்டு அறிமுகமாகி, பின்னர் 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டதாக வளர்ந்தது. சிறு வேலைகளை இணையத்தில் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் அமேசனின் மெக்கானிக்கல் டேர்க் தளத்தினூடாக, ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் அந்தப் படங்களில் இருப்பது இன்னதென்று உறுதிசெய்தார்கள். அந்தப் படங்கள் எவற்றிலும் சிறுகுறிப்பு இல்லை, இருப்பவை குறிகள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரே படத்தை இருவரிடம் கொடுத்து, இருவரும் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று பார்ப்பது இத்தொழிலின் அடிப்படைச் சோதனை. தற்செயலாக நேரும் உடன்பாட்டைக் கழித்துவிட்டு மெய்யான உடன்பாட்டை அளக்கும் ‘கப்பா’ என்ற எண்ணை அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960 ஆம் ஆண்டு வகுத்தார். இன்றும் அதை எடுத்தாளுகிறார்கள். இரண்டு மாணவர் எழுதிய சிறுகுறிப்புகள் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால் பரீட்சகர் இருவரையும் பிடித்து விசாரிப்பார். இந்த வேலையிலோ, எல்லாரும் ஒரே குறியை இட்டிருந்தால்தான் வேலை தருபவர் நிம்மதியடைவார். எது நடந்தால் நல்லது என்பதே இரண்டுக்கும் தலைகீழாக இருக்கும்போது, ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டுவது எப்படிப் பொருந்தும்?

‘சிறு’ என்ற அடையை நீக்கிவிட்டு ‘குறிப்பு’ என்று மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் பயன்படாது. குறிப்பு என்பது தமிழில் உள்ளே மறைந்து நிற்பதைச் சுட்டும் சொல். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் 71 ஆவது அரசனின் உள்ளக் கருத்தை முகம் பார்த்து அறிவதையும், காமத்துப்பாலில் 110 ஆவது காதலரின் உள்ளத்தைக் கண் பார்த்து அறிவதையும் பேசுகின்றன. இலக்கணத்திலும் ‘வெளிப்படை’ என்பதற்கு மறுதலையாக நிற்பது ‘குறிப்பு’. இயந்திரத்துக்குக் குறிப்பறியத் தெரியாது. தெரியாதபடியால்தான் எல்லாவற்றையும் வெளிப்படையாக்கிக் கொடுக்க மனிதரை வேலைக்கு அமர்த்துகிறார்கள். வெளிப்படையாக்கும் தொழிலுக்குக் குறிப்பு என்று பெயர் வைத்தால் நன்னூல் கற்பித்த ஆசிரியர்கள் நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்கள்!

நூல்களுக்கு எழுதப்படும் ‘அனொட்டேஷன்’ வேறு. அதற்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அரும்பதவுரை, குறிப்புரை, பொழிப்புரை, அடிக்குறிப்பு என்று உரைமரபு விரிந்து கிடக்கிறது. ஒரு தமிழாசிரிய நண்பர் இந்த மரபைச் சுட்டிக்காட்டி, ‘தரவுக் குறிப்புரை’ எனலாம் என்று வாதிட்டார். செவிக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உரையாசிரியர் மூலத்தை விளக்குபவர். தம் புலமையால் பிறரோடு மாறுபடவும் உரிமை உள்ளவர். ஓட்டோவைச் சுற்றிப் பெட்டி வரைபவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் மாறுபட்டால் அவருடைய வேலை நிராகரிக்கப்படும், கூலியும் கிடையாது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லாரின் இருக்கையில் அவரை அமர்த்துவது மரியாதையாகத் தோன்றலாம். உண்மையில் அவருடைய நிலைமையை அது மறைத்துவிடுகிறது.

சரியான சொல் ‘குறியிடல்’. தேடி அலைய வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த ‘இடுகுறிப் பெயர்’ என்பதில் அது முன்னரே இருக்கிறது. காரணம் பாராமல் ஒரு பொருளுக்கு இட்டு வழங்கும் அடையாளத்தை ‘இடுகுறி’ என்று நம் இலக்கணிகள் குறித்தார்கள். இட்ட குறி இடுகுறி. குறியை இடுவது குறியிடல். நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் இந்தச் சொல் ஏட்டில் மட்டும் வாழவில்லை. மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்து மேய்ச்சல் தரைகளில் பல பட்டிகளின் மாடுகள் கலந்து மேயும். எந்த மாடு எவருடையது என்பதைப் பிறர் அறிய வேண்டுமானால் குறி சுட்டிருக்க வேண்டும். மாட்டின் குணத்தைப் பற்றியோ பாலின் அளவைப் பற்றியோ அந்தக் குறி எதுவும் விளக்குவதில்லை. இது இந்தப் பட்டியைச் சேர்ந்தது என்று மட்டும் காட்டும். தரவுக்கு இடும் குறியும் இந்த இயல்பினதே.

இதற்கும் மறுப்புகள் உண்டு. ‘குறியீடு’ என்பதை நிரலாக்கத்துக்கும் ‘குறியாக்கம்’ என்பதை இரகசிய எழுத்துக்கும் சிலர் வழங்குகிறார்கள். குறியிடல் அவற்றோடு குழம்பாதா என்பது ஒன்று. நிரலாக்கத்துக்கு நிரலாக்கம் என்ற நல்ல சொல் நிலைபெற்றுவிட்டது. அதைக் குறியீடு என்று எழுதுபவர்களே திருந்த வேண்டியவர்கள். ‘வகைப்படுத்தல்’ எளிமையானது என்பது இன்னொன்று. வாக்கியத்தை வகைப்படுத்தலாம்; பெட்டி வரைவதும் எல்லைக்கோடு இழுப்பதும் ஒலிப்பதிவில் பேச்சு தொடங்கும் கணத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவதும் வகைப்படுத்தலில் அடங்கா. பண்டங்களில் ஒட்டும் லேபிளுக்கு நமது அரச ஆவணங்களில் வழங்கும் ‘சுட்டுத்துண்டு’ துண்டுக் காகிதத்தை நினைவூட்டுவதால் அதையும் விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்த பின்னர், ஏன் அதைத் தெரிவு செய்தோம் என்று இரண்டு வரி எழுதச் சொல்லும் வேலைகளும் இருக்கின்றன. அந்த இரண்டு வரி குறிப்பேதான். ஆயினும் அது குறியிட்டதற்குக் காட்டும் காரணம். அதைக் கொண்டு முழுத் தொழிலுக்கும் பெயரிடுவது, கையொப்பத்தைக் கொண்டு கடிதத்துக்குப் பெயரிடுவதாகிவிடும்.

சொல் எதுவானால் என்ன, வேலை நடந்தால் போதாதா என்பவர்களுக்கு ஒரு செய்தி. களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இந்த வேலை செய்யும் ஒரு பிள்ளை வங்கிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘தரவுச் சிறுகுறிப்பாளர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். கவுண்டரில் இருந்தவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “தங்கச்சி பேப்பருக்கு எழுதுறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அவள் விளக்கப் புறப்பட, அவர் சலித்துப்போய்க் ‘கணினி வேலை’ என்று தாமே எழுதிக்கொண்டாராம். அந்த உத்தியோகத்தரைக் குறை சொல்ல நியாயமில்லை; படிவத்தில் இருந்த சொல் அவரை அந்தத் திசைக்கே அனுப்பியது.

இது ஒரு சொல்லோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டி வந்திராது. இதே துறையின் பாடக் குறிப்புகளில், இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் ஏவலாகிய ‘புரொம்ப்ட்’ என்பது ‘உடனடி’ என்று பெயர்க்கப்பட்டிருக்கக் காண்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் இருப்பது உண்மை. ‘உங்கள் உடனடியை இங்கே எழுதுக’ என்ற வாக்கியத்தை மொழிபெயர்த்தவர் ஒருமுறையேனும் வாய்விட்டு வாசித்திருந்தால் அது அச்சுக்குப் போயிராது. சரிபார்க்கப்பட்ட குறிகளைச் சுட்டும் ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்ற ஆங்கிலத் தொடரைத் ‘தரை உண்மை’ ஆக்கியவர்களும் இருக்கிறார்கள். தரைக்கும் அங்கே வேலையில்லை. தரவுக்குக் குறியிட்டு இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்கும் பிள்ளைகளின் தொழிற்பெயரை, அரைகுறையாகத் தமிழ் கற்ற இயந்திரமே பெயர்த்துத் தருவதும், அதை நாம் திருத்தாமல் சுவரில் ஒட்டுவதும் வேடிக்கையாக இருக்கின்றன. 1936 ஆம் ஆண்டு சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர். பொருளை அறிந்த பிறகே பெயரிட வேண்டும் என்பது அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிராத செய்தி. அவர் பிறந்த கரையோரத்திலேயே இன்று பொருளைப் பாராமல் பெயர் ஒட்டப்படுவதுதான் மனத்தை உறுத்துகிறது.

வேலை செய்பவரை எப்படி அழைப்பது? ‘குறியாளர்’ குறுகியது, ஆனால் கோயிலில் குறி சொல்பவர் என்று நம் ஊர்களில் விளங்கிக்கொள்ளப்படும் அபாயம் இருக்கிறது. பயிற்றுநர், இயக்குநர் என்பவற்றின் வாய்பாட்டில் ‘குறியிடுநர்’ என்பதே தக்கது. எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாகச் சேராமல் வேலை செய்வதைச் சுட்டும் ‘ஃப்ரீலான்ஸ்’ என்பதற்குத் தனித்தமிழ் அன்பர்கள் ‘தன்னுரிமை’, ‘கட்டற்ற’ என்றெல்லாம் முன்வைக்கிறார்கள். பணம் தருபவர் எவராயினும் அவர் பக்கம் நின்று போரிடும் ஈட்டி வீரருக்கு, வால்டர் ஸ்காட்டின் நாவலொன்றில் 1820 வாக்கில் வழங்கிய பெயர் அந்த ஆங்கிலச் சொல். கட்டற்றவர் என்று குறியிடுநரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். வேலை வந்த இரவில் விழித்திருக்கவும், வராத மாதத்தில் காத்திருக்கவும் கட்டுப்பட்டவர் அவர். இலங்கையில் ‘சுயாதீன ஊடகவியலாளர்’ என்ற வழக்கு வேரூன்றிவிட்டது. எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர் என்ற பொருள் அதில் எல்லாருக்கும் விளங்குகிறது. வடசொல்தான், இருந்துவிட்டுப் போகட்டும். இந்த இடத்தில் தூய்மையைவிடத் தெளிவுக்கே என் வாக்கு. ‘சுயாதீனத் தரவுக் குறியிடுநர்’ என்பது படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் முதற்சொல்லை விட்டுவிடலாம். வேலைதருநர் யாரென்று கேட்கும் அடுத்த கட்டத்தில் ‘சுயதொழில்’ என்று எழுத இடம் இருக்கிறது.