மூன்றாவது கட்டத்தில் இருக்கும் எண்

தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையில் 'ட' இருந்தால், கண்ணாடி போடாதபோது எனக்கு அதன் தண்டு மட்டும்தான் தெரியும். அடிக்கோடு கரைந்து போயிருக்கும். 'ப' என்றால் இரண்டு குச்சிகள். வெறும் கிட்டப்பார்வை என்றால் எழுத்து முழுக்க அல்லவா மங்க வேண்டும்? நெடுக்குக் கோடு பிழைத்துக்கொள்ள, படுக்கைக் கோடு மட்டும் ஏன் அழிகிறது?

வளைவுதான் காரணம். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைக்கிற வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கார்னியா, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம். அது பந்துபோல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் சிக்கல் இல்லை. உளுந்து வடையின் வெளி விளிம்பைத் தடவிப் பாருங்கள். வட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டினால் மெதுவான வளைவு. மேலிருந்து கீழே இறக்கினால் சட்டென்று வளைகிறது. என் கார்னியா வடை ஜாதி. வித்தியாசம் என்னவோ துளிதான், கண்ணாடியில் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் விழித்திரைக்குத் தெரிந்துவிடுகிறது.

மேல்கீழ் வளைவு அதிகம் என்பதால், மேலும் கீழுமாக விரிந்து வரும் ஒளி விழித்திரைக்கு வெகு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. பக்கவாட்டில் விரிந்து வருவது விழித்திரையை ஒட்டிக் குவிகிறது. விளைவு, ஒரு புள்ளி மேலும் கீழும் இழுபட்டுக் கோடாகிறது. நெடுக்குக் கோடு தன் நீளத்திலேயே இழுபட்டால் நமக்குத் தெரிவதில்லை. படுக்கைக் கோடு இழுபட்டால் காணாமல் போகிறது. பள்ளிப் பாடநூல் இதைப் பார்வைச் சிதறல் குறைபாடு என்கிறது. சிதறுவதைவிட இழுபடுவதுதான் நடக்கிறது என்பது என் கட்சி. டாக்டர் சொல்லும் அஸ்டிக்மாட்டிசம் என்ற சொல்லுக்குப் 'புள்ளி இல்லாமை' என்று பொருள். அது சரியான பெயர்.

சாதாரண லென்ஸ் எல்லாத் திசையிலும் ஒரே அளவு வேலை செய்யும். ஒரு குவியத்தைச் சரிசெய்தால் இன்னொன்றும் கூடவே நகர்ந்துவிடும். வேண்டியது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் லென்ஸ். அது சமையலறையிலேயே இருக்கிறது: நேராக நிற்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பின்பக்கம் ஒட்டினாற்போல் விரலை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடியுங்கள். விரல் தடிக்கும், நீளாது. அதுதான் சிலிண்டர் லென்ஸ், அதாவது உருளை லென்ஸ்.

இதைக் கண்ணாடியாகப் போட்டவர் ஜார்ஜ் ஏரி. பின்னாளில் இங்கிலாந்தின் அரசு வானியலாளர் ஆனவர். 1825இல் கேம்பிரிட்ஜில் இருந்த இளைஞர். தன் இடக்கண் படிப்பதற்கே பயன்படவில்லை என்று கவனித்தவர், அட்டையில் ஊசித்துளை போட்டு அதன் வழியே வரும் ஒளியை வெவ்வேறு தூரத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு தூரத்தில் புள்ளி ஒரு திசையில் கோடானது, இன்னொரு தூரத்தில் அதற்குக் குறுக்குத் திசையில். அதை வைத்தே கணக்குப் போட்டு, ஒரு பக்கம் கோள வளைவும் மறுபக்கம் உருளை வளைவுமாக ஒரு லென்ஸை இப்ஸ்விச் நகரத்துக் கண்ணாடிக்காரரிடம் செய்து வாங்கிக்கொண்டார். இந்தக் குறைபாட்டைத் தாமஸ் யங் தன் சொந்தக் கண்ணில் அளந்து வெளியிட்டது 1801இல். ஏரி பிறந்த ஆண்டும் அதுவே.

சரி, கண் டாக்டர் எழுதித் தரும் பவர் சீட்டுக்கு வருவோம். என்னுடையதில் முதல் கட்டத்தில் ஸ்பியர் (எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்) −0.50, இரண்டாவதில் சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்) −1.50, மூன்றாவதில் ஆக்சிஸ் (உருளை படுத்திருக்கும் திசை) 180. அந்த 180 பவர் அல்ல, கோணம். உருளை கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். உருளை தன் நீளவாக்கில் எதையும் வளைக்காது, குறுக்கேதான் வளைக்கும். ஆகவே என் லென்ஸில் பக்கவாட்டில் −0.50, மேல்கீழாக −2.00. "பவர் என்ன?" என்று கேட்பவர்கள் யாரும் மூன்றாவது கட்டத்தைக் கேட்பதில்லை. ஆனால் அதில் 10 டிகிரி பிசகினால் குறைபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிஞ்சும். 30 டிகிரி பிசகினால் முதலில் இருந்த அதே அளவு, வேறு திசையில் வந்து நிற்கும். சிலிண்டர் போட்டதே வீண்.

அதனால்தான் கண் டெஸ்டில் கைப்பிடி வைத்த ஒரு குட்டி லென்ஸைத் திருப்பித் திருப்பி "இது நல்லா இருக்கா, இதுவா?" என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள். கடைசியில் இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும்போது நமக்குப் பதற்றம் வரும், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. பதற வேண்டாம், கோணம் பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

போன வருஷம் என் வட்ட ஃபிரேமில் ஸ்க்ரூ கழன்று லென்ஸ் விழுந்தது. நானே மாட்டி முடுக்கினேன். அப்புறம் ஒரு வாரம் தலைவலி, பஸ் பலகையில் மறுபடி குச்சிகள். பவர் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "லென்ஸ் திரும்பியிருக்கு சார்" என்றார். சதுர ஃபிரேமில் இது நடக்காது. வட்டத்தில் லென்ஸ் எப்படி வேண்டுமானாலும் உட்காரும்.

கண்ணாடியைக் கைநீளத்தில் பிடித்து, ஒரு லென்ஸ் வழியே கதவு நிலையின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். ஸ்டியரிங் மாதிரி மெல்லத் திருப்பினால் லென்ஸுக்குள் தெரியும் கோடு மட்டும் சாய்ந்தது. சிலிண்டர் இல்லாத லென்ஸில் அது சாயாதாம். ஸ்க்ரூவைத் தளர்த்தி, லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி முடுக்கிவிட்டு, அதன் அடியோரத்தில் மார்க்கர் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.