கைக்கு எட்டாத டம்ளர்

படுக்கையில் இருக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். திருநெல்வேலிப் பக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது என் பழக்கம்.

அந்த வீட்டில் அது ஜன்னல் திட்டில் இருந்தது. கட்டிலில் இருந்து நான்கடி. எண்பது தாண்டிய பாட்டிக்குத் தானாக எழுந்து உட்காரவே முடியாது.

மகன் சேகரக் கமிட்டியில், அதாவது சர்ச் நிர்வாகக் குழுவில், இருப்பவர். முன்னறையில் வசனக் காலண்டர், மூலையில் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் எடுத்த வாழைத்தார். பாட்டி இருந்தது பின்கட்டில், துணி துவைக்கிற இடத்தை ஒட்டிய அறையில். "ஒரு வாரமா அம்மா என்னென்னவோ பேசுறாங்க சிஸ்டர். செத்துப்போன அப்பாவைக் கூப்பிடுறாங்க. ஜெபம் பண்ணிப் பார்த்தோம்" என்றார். நான் நாக்கைப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்தது. டயப்பரில் கொஞ்சம்தான் சிறுநீர், அதுவும் கடுங்காப்பி நிறத்தில்.

மருமகளிடம் மெதுவாகக் கேட்டேன். "தண்ணி குடுத்தா ராத்திரி நாலு தடவ நனைச்சிருதாங்க. நான் ஒருத்தி எத்தன தடவ மாத்துவேன்?"

வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். அதோடு தண்ணீரையும் குறைத்தால் உடம்பு வறண்டு, சிறுநீரில் தொற்று வரலாம். இளவயதுக்காரருக்கு என்றால் எரிச்சலோ காய்ச்சலோ காட்டும். முதியவருக்குப் பல நேரம் முதலில் புத்திதான் தடுமாறும். அதைப் "பேய்க்கோளாறு" என்றும் "மறதி நோய்" என்றும் விட்டுவிடுகிறார்கள். இவருக்கு டாக்டரிடம் காட்டி, பரிசோதித்து, மருந்தும் தண்ணீரும் போன எட்டாம் நாள், புத்தி தெளிந்து, "யாரு புள்ள நீ?" என்று என்னைக் கேட்டார்.

இதை முதியோர் கொடுமை என்றால் வீட்டில் கோபம் வரும். "நாங்க கை நீட்டி அடிச்சோமா?" அடிக்கவில்லைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் கவனிக்காமல் விடுவதையும், பணத்தைப் பிடுங்குவதையும், வார்த்தையால் குத்துவதையும் கொடுமைக் கணக்கில்தான் வைக்கிறது. 60 வயது கடந்தவர்களில் 6 பேரில் ஒருவர் ஒரே ஆண்டுக்குள் இதில் ஏதோ ஒன்றை அனுபவித்திருக்கிறார் என்பது அவர்களின் மதிப்பீடு.

மருமகள் மேல் பழி போட்டுவிட்டுப் போவது சுலபம். நான் போட மாட்டேன். அவருக்கே இடுப்பு வலி. ராத்திரி எழுந்திருப்பது அவர் ஒருவர்தான். மகன் கூட்டம் முடிந்து பத்து மணிக்கு வருவார். வெளியூரில் இருக்கும் மகள்கள் வீடியோ காலில் அழுவார்கள், அம்மாவுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பாடம் எடுப்பார்கள்.

"உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாகக் கொடுத்துவிட்டோம். பத்துக் கட்டளைகளைத் தேவன் கொடுத்த சீனாய் மலையடியில் அதைக் கேட்டு நின்றவர்களில் வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வனாந்தரத்தில் நடக்க வேண்டிய பெரியவர்களும் உண்டு. கனம் என்றால் நமக்கு எடையும்தான். எபிரேயச் சொல்லின் வேரிலும் அதே எடை இருக்கிறது. எடை இருந்தால் தூக்கத்தான் வேண்டும். அந்த வீட்டில் அது நாற்பது கிலோகூட இல்லை.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கொர்பானைப் பற்றிப் பேசுவதை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற ஏற்பாடு அது. இயேசு அதைத் தேவ கட்டளையை அவமாக்குவது என்றே சொன்னார். ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்த ரசீது மேசை மேல் இருக்க, பின்கட்டில் டயப்பர் வாங்க யோசிக்கிற வீடுகளைப் பார்த்துவிட்டு இந்தப் பகுதியை வாசித்துப் பாருங்கள்.

ஒரு தந்திரம் சொல்கிறேன். "கொஞ்சம் வெந்நீர் வேணுமே" என்று வீட்டாரை அடுக்களைக்கு அனுப்பினால் ஐந்து நிமிடம் தனிமை கிடைக்கும். வீட்டுத் திருவிருந்து கொடுக்க வரும் சபை ஐயர்மாரும் (போதகர்களும்) இதைச் செய்யலாம். மகன் பக்கத்தில் நின்றால் எந்தத் தாயும் "நல்லா இருக்கேன் ஐயா" என்றுதான் சொல்வாள். அந்த ஐந்து நிமிடத்தில் பாட்டி காதைத் தொட்டுக் காட்டினார். துளையில் ஈர்க்குச்சி. "என் கம்மல் எங்க?"

அப்புறம் சட்டம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை பார்க்காமல் விட்டால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கவும் வழியுண்டு. ஆனால் செட்டில்மெண்ட் எழுதும்போதே "பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எழுதினால் இழுபறிதான். அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. போலீஸ் வேண்டாம் என்று பயப்படுகிறவர்களும் முதலில் அதில் பேசிப் பார்க்கலாம்.

பாட்டி வீட்டில் புகார்வரை போகவில்லை. பாட்டிக்கு விருப்பமில்லை. அவருக்கு இஷ்டமில்லாததை நான் செய்தால் அதுவும் மரியாதைக் குறைவுதான். கமிட்டிக்காரரை உட்கார வைத்துப் பேசினேன். வாரத்தில் மூன்று ராத்திரி அவர் முறை. சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆறு டம்ளர் தண்ணீர், அதன் பிறகு வாய் நனைக்க மட்டும். கட்டிலோடு கட்டிய கயிற்றில் ஒரு மணி.

அடுத்த தடவை போனபோது டம்ளர் பாட்டியின் வலது கைப்பக்கம் ஸ்டூலில் இருந்தது, மூடி போட்டு. மருமகள் முகத்தில் தூக்கம் தெரிந்தது, நல்ல தூக்கம். கம்மல் அடகில் இருப்பதாகவும் சர்ச்சின் அசனம் (பொது விருந்து) முடிந்ததும் மீட்டுவிடுவதாகவும் மகன் சொன்னார். அசனம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஈர்க்குச்சி அப்படியேதான் இருக்கிறது. போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.