பல் கிளிப் கழன்று விழுகிறதா? முறுக்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கிளிப் போட்ட நாலாம் நாளே ஒரு பிராக்கெட் (கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்னத் துண்டு) கழன்று வந்தால், "முறுக்கு கடிச்சியா, மாங்கொட்டையைச் சப்பினியா?" என்றுதான் வீட்டில் முதல் கேள்வி வரும். அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் கழன்ற பிராக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பசை மொத்தமும் அதன் அடியிலேயே இருந்து, பல் வழுவழுவென்று சுத்தமாக இருந்தால், பசை பல்லைச் சரியாகப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் ஒட்டும்போது எச்சில் பட்டிருக்கும்.

பிராக்கெட் ஒட்டுமுன், பல்லின் கடினமான வெளி அடுக்கான எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 30 விநாடி வைத்து, கழுவி உலர்த்தினால், அந்த இடம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும். அங்கே உண்டான நுண்துளைகளுக்குள், பசைக்கு முன் பூசும் பிரைமர் என்ற திரவம் இறங்கி இறுகுவதுதான் பிடிமானம். இடையில் எச்சில் பட்டால் அதிலுள்ள புரதங்கள் சில விநாடிகளிலேயே படலமாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். காற்றடித்தால் ஈரம் போகும், படலம் போகாது. கழுவி, உலர்த்தி, 10 முதல் 15 விநாடி மறுபடி அமிலம் வைக்க வேண்டும். ஈரம் தாங்கும் பிரைமர்கள் உண்டு. அவை லேசான ஈரத்துக்குத்தான், தேங்கி நிற்கும் எச்சிலுக்கல்ல. ரத்தம் பட்டாலும் இதே கதிதான். அதனால் ஈறு வீங்கியிருந்தால் முதலில் பல் சுத்தம், ஈறு ஆறிய பிறகே கிளிப்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் இதற்குமேல் ஒரு சிக்கல். சின்ன வயதில் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீர் குடித்துக் காவியேறிய பற்களின் மேலடுக்கு, அமிலத்துக்கு எளிதில் இளகாது. ஒகேனக்கல் குடிநீர் வந்துவிட்டாலும், முன்பே முளைத்த பல் மாறாது. அமிலம் வைத்து 30 விநாடியில் வெளுக்காவிட்டால், பல் மருத்துவர்கள் நாங்கள் நேரத்தைக் கூட்டுவோம், அல்லது மேலடுக்கை லேசாகத் தேய்ப்போம். வாய் திறந்திருக்கும் நேரம் கூடக்கூட எச்சிலும் ஊறும். கீழ்க் கடைவாயில் அது குளமாகத் தேங்கும். மேல் கடைவாய்க்கு எதிரே, கன்னத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாயே இருக்கிறது. அங்கே பஞ்சு வைக்காமல் தொடங்கவே கூடாது. எல்லாப் பற்களுக்கும் ஒரே நேரத்தில் அமிலம் வைப்பதைவிட, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போவது நல்லது. பல்லை உலர்த்தும் கம்ப்ரஸர் காற்றையும் கண்ணாடியில் ஊதிப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் துளி தெரிந்தால் அதுவும் பிடிமானத்தைக் கெடுக்கும்.

நாற்காலியில் இருப்பவர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. எச்சில் நிறைந்தால் கையைத் தூக்கினால் போதும், உறிஞ்சிவிடுவோம்.

பிராக்கெட் கழன்றால் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். தனியாக வந்துவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான், கடித்ததால் போனதா, எச்சிலால் போனதா என்று முடிவு செய்வோம்.