மரம் சாய்ந்த மறுநாள் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்

அக்னி நட்சத்திரத்தில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று வீசி ஓய்ந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு என் கண் கிளினிக்குக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வேலூர் மாவட்டத்தின் ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணைத் துண்டாலோ முந்தானையாலோ பொத்திக்கொண்டு வருவார்கள். "வீட்டாண்ட வேப்பமரம் சாஞ்சிட்ச்சி டாக்டரம்மா. தழை வாரும்போது குச்சி பட்டுட்ச்சி. இன்னாமோ உறுத்திக்கினே கீது."

மரம் அறுக்கும் ஆட்கள் இப்படி வருவது குறைவு. அவர்கள் மிஷின் வைத்து அடிமரத்தைத் துண்டு போட்டு, விலை போகிற கட்டையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். புளியமரமாக இருந்தால் கறிக்கடைக் கட்டைக்குக்கூட விலை பேசியிருப்பார்கள். வாசலில் மிஞ்சுவது மிலாறு, தழை, மரத்தூள். அதை அள்ளுவது வீட்டில் இருப்பவர்கள்தான்: வயதானவர்கள், பெண்கள், லீவில் இருக்கும் பிள்ளைகள். பெரிய ஆபத்து மரத்தோடு போய்விட்டது என்று நினைத்து, வெறுங்கண்ணோடு குவியலுக்குள் இறங்குகிறார்கள்.

சாய்ந்த மரத்தின் கிளைகள் ஒன்றின் அடியில் ஒன்று வில்லாக வளைந்து கிடக்கும். மேலே இருப்பதை இழுத்தால் கீழே இருப்பது விசிறி அடிக்கும், நேராக முக உயரத்துக்கு. காய்ந்த குச்சி இன்னும் மோசம், முறியும்போது சில்லாகத் தெறிக்கும். நடுக்கருவிழியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். வேப்பிலைக் காம்பு உரசினாலே அதன் மேல்தோல் பெயர்ந்துவிடும். அந்தக் கீறல் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறக்கூடியது. ஆனால் குச்சி தனியாக வருவதில்லை. மக்கும் தழையிலும் ஈர மண்ணிலும் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் குடியிருக்கின்றன. கீறலே அவற்றுக்கு வாசல்.

மதுரையில் 1990-களில் கருவிழிப்புண் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிருமி வளர்ந்த புண்களில் ஏறக்குறைய பாதியில் பூஞ்சை இருந்தது. குளிர்நாடுகளில் நிலைமை இப்படி இல்லை. நம் வெயில், நம் மண், நம் வேலை, மூன்றும் சேர்ந்து நமக்குக் கொடுத்திருக்கும் நோய் இது.

போன கோடையில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டிய விவசாயி. வேப்பமரக் கிளையை மிதித்து இழுத்தபோது குச்சி இடது கண்ணில் பட்டிருக்கிறது. அன்று ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து தாய்ப்பால் வாங்கி விட்டிருக்கிறார்கள். மறுநாள் சிவப்பு குறையவில்லை என்று மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. ரெண்டு நாளில் சிவப்பு போயிற்று, உறுத்தலும் போயிற்று. சரியாகிவிட்டது என்று மிச்ச மிலாறையும் வெட்டி அடுக்கியிருக்கிறார். ஒன்பதாம் நாள் என்னிடம் வந்தபோது கருவிழி நடுவில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது, உள்ளே சீழ் தேங்கியிருந்தது. முகத்துக்கு நேரே காட்டிய விரல்களைத்தான் அவரால் எண்ண முடிந்தது.

அவர் கொண்டுவந்த பாட்டிலில் ஸ்டீராய்டு இருந்தது. கண் சிவப்பதும் வலிப்பதும் உடம்பு கிருமியோடு போராடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடும். கண் வெளுத்து, நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியில்தான் பூஞ்சை வேர் விடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாங்களே ஸ்டீராய்டு எழுதுகிறோம், அது வேறு சங்கதி. குச்சி, தழை, நெல் உமி பட்ட கண்ணில், மருத்துவர் பார்க்காமல் அதை விடவே கூடாது. அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பெட்டமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர் 'சோன்', 'லோன்' என்று முடிந்தால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். போன வருஷம் பாட்டிக்கு ஆபரேஷன் செய்தபோது மிஞ்சிய பாட்டிலும் இதில் சேர்த்தி.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் தூசி எடுப்பது, இவற்றைச் செய்கிறவர்களை நான் திட்டுவதில்லை. பாசத்தில் செய்கிறார்கள். ஆனால் தோல் பெயர்ந்த கருவிழியில் அவை வேறு கிருமிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

சரியான நேரத்தில் செய்ய வேண்டியது எவ்வளவு எளிது என்பதுதான் என்னை வருத்துகிறது. நேபாளத்தில் பக்தபூர் பகுதியில் கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு, ஊரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த யாருக்கும் புண் வைக்கவில்லை. தாமதித்து வந்தவர்களில் சிலருக்கு வைத்தது. ஆகவே அன்றைக்கே காட்டுங்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அது வரைக்கும் கண்ணைக் கசக்காமல், குடிக்கிற தண்ணீரால் தாராளமாகக் கழுவினால் போதும். சிராய் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். ஒரு பேப்பர் டீ கப்பை அழுத்தாமல் கண்மேல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

குச்சி மட்டுமல்ல, தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது எருக்கஞ்செடியையும் சேர்த்து வெட்டுவோம். அதன் பால் கண்ணில் பட்டால் ஏமாற்றிவிடும். பெரிதாக வலிக்காது, சில மணி நேரம் கழித்துப் பார்வை மட்டும் புகை மூட்டமாகும். வலி இல்லையே என்று இருந்துவிடுகிறார்கள். கள்ளிப்பால் நேர்மாறு, துடிக்க வைத்துவிடும். இரண்டுக்கும் உடனே, குறைந்தது பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முருங்கையாக இருந்தால் கம்பளிப்பூச்சியைக் கவனியுங்கள். அதன் ரோமம் கண்ணுக்குள் தைத்து, கசக்கக் கசக்க உள்ளே நகரும்.

இன்னொன்று, கட்டை பிளப்பது. இரும்பு ஆப்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது எள்ளளவு இரும்புத் துணுக்கு தெறித்து விழிக்குள்ளேயே போய்விடும். சுருக்கென்று ஒரு குத்தல், அவ்வளவுதான். உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து, சில மாதங்களில் விழித்திரையைக் கெடுக்கும். அடித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் ஏதோ பட்டது என்று மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுத்துப் பார்ப்போம். எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது, காந்தம் துணுக்கை நகர்த்திவிடும்.

இத்தனைக்கும் தடுப்பு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. பக்கவாட்டிலும் மூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையா, வண்டி ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தழை வாருங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த விவசாயியின் கருவிழியை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தது. பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் மருந்தைக் குலுக்கிக் குலுக்கி மணிக்கு ஒரு தடவை விட்டார்கள். ராத்திரியும் அவர் மனைவி அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து விட்டார். மூன்று வாரத்தில் கருவிழி மெலிந்து ஓட்டை விழும் நிலைக்கு வந்ததால், வேலூர் ஆரணி சாலையில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். வேலூர் சிஎம்சியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-ல் தொடங்கிய அதே இடம். யாரோ ஒரு குடும்பம் தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். கண்ணைக் காப்பாற்றியாயிற்று, பார்வை பாதிதான் திரும்பியது.

போன மாதம் சோதனைக்கு வந்தபோது அந்த அம்மா கேட்டார்: "வேர்க்கட்டை இன்னும் வாசல்லயே கீது டாக்டரம்மா. பையனை வெச்சித் தோண்டிடலாமா?" தோண்டலாம் என்றேன். மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் கண்ணாடிகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தேன், ஒன்று பையனுக்கு, ஒன்று பக்கத்தில் நின்று மண் அள்ளப்போகும் அவருக்கு.