தள்ளத் தள்ள அடைக்கும் வாசல்

மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சென்னையில் ஸ்டேடியத்தில் நடந்த பெரிய இசைக் கச்சேரிக்குப் போயிருந்தோம். போகும்போது மெட்ரோவில் உட்கார்ந்தே போனோம். முடிந்து வரும்போது அதே ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலும் இதே கதைதான். வந்த கூட்டம்தானே திரும்பிப் போகிறது? திரும்பும்போது மட்டும் ஏன் இந்தப் பாடு?"

பாதி விடை பள்ளிக்கூடக் கணக்கிலேயே இருக்கிறது. அதை வேகமாக முடித்துவிடுவோம். மீதிப் பாதிதான் ருசியானது.

கச்சேரிக்கு 25,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டரங்குகளுக்கான பிரிட்டிஷ் பாதுகாப்புக் கையேடு, ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போக முடியாது என்று வைத்தே திட்டமிடச் சொல்கிறது. நம் ஊரில் டிக்கெட்டை ஸ்கேன் செய்து, பையைத் திறந்து பார்த்து, ஆளைத் தடவிச் சோதித்து அனுப்ப ஒன்பது விநாடி ஆகும் என்றால், ஒரு வாசலில் மணிக்கு 400 பேர். இருபது வாசலில் 8,000. எல்லாரும் உள்ளே போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் கச்சேரி தொடங்க நெடுநேரம் முன்பே கதவைத் திறக்கிறார்கள். ஜனங்களும் மதியத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். மெட்ரோவுக்கு அந்தக் கூட்டம் வந்ததே தெரியாது.

வெளியேறும்போது சோதனை கிடையாது. அதே கையேட்டின்படி, சமதரையில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். படிக்கட்டில் 66 பேர். வாசல்களின் மொத்த அகலம் 40 மீட்டர் இருந்தால், எட்டு நிமிடத்துக்குள் 25,000 பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். மூன்று மணி நேரத்தில் நிரம்பிய அரங்கம் எட்டு நிமிடத்தில் காலி.

இதில் 10,000 பேர் மெட்ரோவை நோக்கி நடக்கிறார்கள். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயிலில் நெருக்கி நின்றால் ஏறத்தாழ 1,200 பேர். அதில் ஏற்கெனவே 300 பேர் இருந்தால் 900 பேருக்கு இடம். ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் வீதம் இரண்டு திசையிலும் சேர்த்து மணிக்கு 18,000 பேர் போகலாம். ஆக, கடைசி ஆள் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தே தீர வேண்டும். ரயில் எண்ணிக்கையைக் கூட்டாமல் இதைக் குறைக்க வழியே இல்லை. கூட்டம் ஸ்டேஷனுக்கு வந்து பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 3,000 பேர் கிளம்பியிருப்பார்கள், 7,000 பேர் நிற்பார்கள். பிளாட்பாரத்தில் புழங்கும் இடம் 700 சதுர மீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு இரண்டு பேர் வீதம் 1,400 பேர்தான் பத்திரமாக நிற்கலாம். மீதி 5,600 பேர் வெளியில்தான் நிற்க வேண்டும்.

கணக்கு அரை மணி நேரம் என்கிறது. வாசகி நின்றதோ ஒரு மணி நேரத்துக்கு மேல். மீதி நேரத்தை விழுங்கியது எது? ஸ்டேஷன் வாசல்தான்.

ஒரு மீட்டர் அகலமுள்ள வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளின் தோள் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர். அதாவது ஒரு சமயத்தில் இரண்டு பேர் போகலாம். நான்கைந்து பேர் ஒன்றாக அதை நோக்கி வந்தால், வாசலுக்குச் சற்று முன்னால் அவர்கள் தோளோடு தோள் உரச, பிறை வடிவில் வளைந்து நிற்பார்கள். பிறையின் இரு முனையில் இருப்பவர்கள் நிலைக்கால்களில் முட்டி நிற்பார்கள். இப்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு வருகிறது. அந்த விசை முன்னோக்கித்தான் வருகிறது, ஆனால் பிறையில் நிற்பவர்களின் தோள்கள் வழியே பக்கவாட்டில் திரும்பி நிலைக்கால்களில் போய் இறங்கிவிடுகிறது. ஒன்றையொன்று அழுத்தும் இரண்டு பரப்புகளுக்கு இடையிலான உராய்வு, அழுத்தத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆகவே பின்னால் தள்ளத் தள்ள, தோளுக்கும் தோளுக்கும் இடையிலான பிடி இறுகுகிறது. பின்னால் ஆயிரம் பேர், முன்னால் காலி வாசல், நடுவில் நாலு பேர் அசைய முடியாமல் நிற்கிறார்கள். அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருப்பதே அந்த ஆயிரம் பேரின் தள்ளுதான். யாராவது ஒருவர் தோளைத் திருகி, பையைக் கழற்றி, ஒருக்களித்தால் பிறை உடைகிறது. ஐந்தாறு பேர் சரசரவென்று போகிறார்கள். உடனே அடுத்த பிறை கட்டுகிறது.

வாலிநோக்கம் உப்பளங்களில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கல்லுப்பு மூட்டையின் மூலையில் சின்ன ஓட்டை விழுந்தால் கொஞ்சம் கொட்டும், நிற்கும். தட்டினால் மறுபடி கொட்டும். மேலே இன்னும் இரண்டு மூட்டையை ஏற்றினாலும் கொட்டும் வேகம் கூடாது. தண்ணீர்த் தொட்டி வேறு மாதிரி: நீர்மட்டம் உயர உயர அடிக்குழாயில் வேகம் கூடும். தானியமும் உப்பும் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் மேலே உள்ள எடையில் பெரும் பங்கை உராய்வின் வழியே சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன. ஜெர்மன் பொறியாளர் யான்சன் 1895-இலேயே தானியக் களஞ்சியங்களை வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஓட்டையின் விட்டம் மணியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கைத் தாண்டினால் அடைப்பு அநேகமாக விழுவதே இல்லை. மனிதர்களுக்கு அதே எண் அப்படியே பொருந்தாது. நாம் நெளிவோம், திரும்புவோம். ஆனால் ஒரு மீட்டர் வாசலை இரண்டரை மீட்டர் ஆக்கினால் கிடைக்கும் லாபம் இரண்டரை மடங்கைவிடப் பெரியது என்பதற்குக் காரணம் இதுதான்.

டிர்க் ஹெல்பிங், இல்லேஷ் ஃபார்காஷ், தமாஷ் விச்செக் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 2000-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் இதைக் கணினி மாதிரியாக வெளியிட்டார்கள். வாசலை நோக்கிப் போகும் ஆவல் ஓர் அளவைத் தாண்டியதும், அறை காலியாகும் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடத் தொடங்கியது. அவசரப்பட்டால் தாமதம் என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதியை நியூட்டனின் விதிகளிலிருந்தே வரவழைத்துவிட்டார்கள்! பிறகு ஸ்பெயினின் நவார்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களையும் ஆட்டு மந்தைகளையும் வாசல் வழியே விட்டு அளந்து பார்த்தார்கள். அதே விளைவு வந்தது. வாசலுக்கு நேரே கொஞ்சம் தள்ளி ஒரு தூணை நிறுத்தினால் ஆடுகளுக்கு அடைப்பு குறைந்தது. மனிதர்களுக்கு அந்தத் தூண் உதவவில்லை என்று 2018-இல் அதே குழு அளந்து சொன்னது. 'தூண் வைத்தால் நெரிசல் தீரும்' என்று இன்றைக்கும் பகிரப்படும் செய்திகளில் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே வாசலின் மேல் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வாசலுக்கு முப்பது நாற்பது மீட்டர் முன்பே கயிறு கட்டி நிறுத்தி, ரயிலில் இடம் எவ்வளவோ அவ்வளவு பேரை மட்டும் விட வேண்டும். வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்புகளும் இதற்குத்தான். நேரான வரிசையில் கடைசி ஆளின் தள்ளு முதல் ஆள்வரை போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது கம்பியில் மோதி அடங்கிவிடும். ஆனால் தடுப்பின் பக்கவாட்டில் திறக்கும் கதவு இருக்க வேண்டும், அதன் சாவியோடு ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இனி ராமேஸ்வரம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் எல்லாரும் பாம்பன் பாலத்தைக் குறை சொல்வார்கள். தீவுக்குள் போக 1988-இல் திறந்த சாலைப் பாலம் ஒன்று, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் ஒன்று. ரயிலுக்கு ஒற்றைத் தடம்தான். ஆனாலும் சாலைப் பாலத்தில் பத்து விநாடிக்கு ஒரு பஸ் போனாலே ஒரு திசையில் மணிக்கு 360 பஸ்; 55 பேர் வீதம் 19,800 பேர். பாலம் தாங்கும். தாங்காதது பஸ் ஸ்டாண்டு. ஒருவர் ஏற மூன்று விநாடி என்றால் ஒரு பஸ் நிரம்ப மூன்று நிமிடம் போதும். ஆனால் வந்தவர்கள் இறங்கும் முன்பே நாம் படியில் ஏறுகிறோம். ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோம். துண்டு போட்டவர் நிரம்பிய நடைவழியைக் கிழித்துக்கொண்டு சீட்டைத் தேடிப் போகிறார். கண்டக்டர் உள்ளே நின்று டிக்கெட் கிழித்து முடிக்கும்வரை பஸ் கிளம்பாது. மூன்று நிமிடம் ஏழாகிறது. அப்போது ஒரு பஸ் நிற்கும் இடத்திலிருந்து மணிக்கு எட்டொன்பது பஸ், ஐந்நூறு பேருக்குள்தான். பத்து இடம் இருந்தால் ஐயாயிரம். பாலத்தால் முடிந்ததில் கால்வாசி! டிக்கெட்டைக் கீழேயே கவுன்டரில் கொடுத்து, பின்வாசலில் இறக்கி முன்வாசலில் ஏற்றினால், அதே பஸ்களைக் கொண்டே ஏறத்தாழ இரண்டு மடங்கு பேரை அனுப்பலாம்.

பாலத்திலும் ஒரு கோளாறு உண்டு. கடலைப் பார்க்க நடுப்பாலத்தில் காரை நிறுத்துகிறார்கள். இருப்பதே போக ஒரு தடம், வர ஒரு தடம். ஒரு கார் நின்றால் இரண்டு திசை வண்டிகளும் ஒரே தடத்தில் மாறி மாறிப் போக வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் கிடைப்பது பாதிகூட இருக்காது. கார் கிளம்பிய பிறகும் பின்னால் தேங்கிய வரிசை கரைய நெடுநேரம் ஆகும். செல்ஃபிக்காக நிறுத்தும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு விலை.

நெருக்கத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் இருக்கும்வரை கூட்டம் நன்றாக நகரும். ஒரு மீட்டர் அகலத்தில் விநாடிக்கு ஒருவருக்குச் சற்று மேல் போகலாம். நெருக்கம் இன்னும் கூடினால் அடியெடுத்து வைக்க இடமில்லாமல் ஓட்டம் குறையும். சதுர மீட்டருக்கு நான்கு பேரைத் தாண்டினால் வேறொன்று நடக்கிறது. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரத் திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து படம்பிடித்து ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர்கள், நெருக்கம் ஏறத்தாழ அந்த அளவை எட்டியதும், யாரும் தள்ளாமலேயே நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக வட்டமிட்டு அசைவதையும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 18 விநாடி ஆவதையும் 2025-இல் வெளியிட்டார்கள். உங்கள் கால் உங்கள் சொல்லைக் கேட்காமல் உடம்பு தானாகப் பக்கவாட்டில் போவதாகத் தோன்றினால், அது வெளியேற வேண்டிய நேரம். இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து, மூச்சு விட இடம் பண்ணிக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை அடங்கும் இடைவெளியில் குறுக்காகக் கூட்டத்தின் ஓரத்தை நோக்கி நகருங்கள். சுவரோரம் மட்டும் வேண்டாம்.

நெரிசல் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபட்டு வருபவை அல்ல. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமின்றி மூச்சு நின்றுபோவதுதான் முக்கியக் காரணம். அப்படி ஒரு துயரம் நடந்த மறுநாளே 'வதந்தி', 'பீதி', 'விதி' என்று பேசத் தொடங்குகிறோம். விதியென்று சொல்பவர்கள் முதலில் வாசல் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமான சாகச நிகழ்ச்சி முடிந்ததும் கடற்கரைப் பக்கத்து ரயில் நிலையங்கள் நிரம்பி வழிந்தன. அன்று எத்தனை மணிக்கு எல்லாரும் கிளம்புவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். அமாவாசைத் தேதிகளோ அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் பஞ்சாங்கத்தில் அச்சாகியே இருக்கின்றன. ஸ்பெயின்காரர்களின் பாம்ப்லோனா விழாவைப் போலவே, நம் கூட்டத்துக்கும் நாளும் இடமும் துல்லியமாகத் தெரியும். ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலும் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் தெருக்களிலும் உயரத்தில் சில கேமராக்கள், அந்தப் படங்களை எண்ணிப் பார்க்க நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு உதவித்தொகை: இதற்கு ஆகும் செலவு, விழாவுக்கு வைக்கும் அலங்கார வளைவுகளின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கடைசியாக, சென்னைக் கச்சேரிக்குப் போய்வர நினைக்கும் நம் கரைக்காரர்களுக்கு. ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் சென்னையிலிருந்து மாலையிலேயே கிளம்பிவிடும். கச்சேரி முடியும்போது அவை விழுப்புரத்தையே தாண்டிப் போயிருக்கும். ஆகவே திரும்புவது பஸ்ஸில்தான், அதுவும் கிளாம்பாக்கத்திலிருந்து. அரங்கை விட்டு வர 15 நிமிடம், மெட்ரோ வரிசையில் 40, விமான நிலையம்வரை ரயிலில் 40, அங்கிருந்து ஜிஎஸ்டி சாலையில் மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்து கிளாம்பாக்கம் போக இன்னொரு 40. மொத்தம் இரண்டேகால் மணி நேரம். பதினொரு மணிக்குக் கச்சேரி முடியுமென்றால் ஒன்றரை மணிக்கு முன்னால் உள்ள பஸ்ஸில் முன்பதிவு செய்யாதீர்கள். அந்நேரத்தில் ராமநாதபுரத்துக்கு நேர் பஸ் கிடைக்காவிட்டால் மதுரை பஸ்ஸில் ஏறி மாட்டுத்தாவணியில் மாறுங்கள். மெட்ரோவின் கடைசி ரயில் வழக்கமாக இரவு 11 மணி. கச்சேரிக்காக நீட்டித்திருக்கிறார்களா என்று போகும்போதே ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். நீட்டிக்கவில்லை என்றால் கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வழி. பல்லாயிரம் பேர் ஒரே டவரைப் பிடிக்கும்போது செல்போன் இணையம் படுத்துவிடும். பஸ் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், மெட்ரோவுக்குச் சிங்காரச் சென்னை கார்டில் முதலிலேயே பணம் ஏற்றிவிடுங்கள். பக்கத்து ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கே நடந்துவிடுவது நல்லது, ஆனால் நீங்கள் ரயிலில் போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்க ஸ்டேஷனாகப் பாருங்கள்: அரங்கின் பக்கத்து ஸ்டேஷனுக்கு ரயில் வரும் முன்பே அதில் ஏறியிருப்பீர்கள்.