தன்னிச்சையாகக் கலையுமா கரு?

களியக்காவிளையில் மருந்துக்கடை வைத்திருப்பவனிடம் மாத்திரைச் சீட்டோடு வேறு காகிதங்களும் வரும். போன வாரம் வந்தது, வலிப்பு மாத்திரை அட்டையைச் சுற்றி மடித்த ஒரு துண்டறிக்கை. வலிப்புள்ள பெண்கள் கருவுற்றால் நேரக்கூடியவற்றைச் சொல்லிக்கொண்டே போய், நடுவில் 'தன்னிச்சையான கருக்கலைப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள். இரண்டு மாதக் கருவை இழந்த மருமகளை வாசலில் நிறுத்திவிட்டு மாமியார் கேட்டார்: "தன்னிச்சை என்றால் இவள் இஷ்டத்துக்குச் செய்தது என்றுதானே தம்பி?"

இந்தத் தொடரை இதற்கு முன்பும் பலமுறை பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன்.

'அபார்ஷன்' லத்தீன் வழி வந்த சொல். உதிக்காமல் போவது என்பதுபோல் பொருள். மருத்துவ நூல்களில் தானே கலைவதற்கும் கலைப்பதற்கும் அது ஒன்றேதான். அதனால் அவர்களுக்கு 'ஸ்பான்டேனியஸ்', அதாவது தானே நேர்வது, என்று ஓர் அடைமொழி வேண்டியிருக்கிறது; அதைத்தான் 'தன்னிச்சையான' என்று பெயர்த்திருக்கிறார்கள். நமக்கு எதற்கு? கலைந்தது, கலைத்தாள். அழிவு, அழிப்பு, பிரிவு, பிரிப்பு. இப்படி இணையாக வரும் சொற்களில் 'ப்பு' வந்தால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். கருச்சிதைவு நேர்வது, கருக்கலைப்பு செய்வது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வரையறைகளோடு அனுமதிப்பது பின்னதை. அதில் இழிவும் ஒன்றுமில்லை; வேறு நிகழ்வு, அவ்வளவுதான்.

அகராதியில் அப்படித்தான் இருக்கிறது என்று மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் வாதாடினார். இருக்கட்டும். 'தன்னிச்சை'க்குள் 'இச்சை' உட்கார்ந்திருப்பது கண்ணில் படவில்லையா? காற்றில் விழுந்த தேங்காயைத் 'தன்னிச்சையான தேங்காய்ப் பறிப்பு' என்பாரா? எல்லை தாண்டினால் மலையாளத்தில் தானே போனதற்குக் 'கர்ப்பம் அலசல்', போக்கியதற்குக் 'கர்ப்பச்சித்ரம்' என்று தெளிவாக வைத்திருக்கிறார்கள். நம் செய்தியாளர்களோ போலி மருத்துவர் கைதானால் 'சட்டவிரோதக் கருச்சிதைவு' என்று தலைகீழாக எழுதுகிறார்கள்.

வலிப்புள்ள பெண்ணுக்கு இது வெறும் இலக்கணச் சண்டை அல்ல. 1999 வரை இந்து திருமணச் சட்டமே வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனாலும் கரு நின்றதும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வீடுகள் உண்டு. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பித் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகளை மாற்றுவதைக் கருவுறும் முன்பே மருத்துவரோடு பேசி முடிக்க வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் 'நீயே செய்தாய்' என்று அச்சடித்தும் கொடுக்க வேண்டுமா?

அந்த இரண்டு சொற்களையும் பேனாவால் அடித்து, மேலே 'கருச்சிதைவு' என்று எழுதிக் கொடுத்தேன். மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்படியானால், கலைந்துபோனது."

"ஆமாம் அம்மா. கலைந்துபோனது."